அவருக்கு நான் கொடுத்த லீவு

என் வீட்டுக்காரருக்கு வயிற்றின் இடது பக்கத்தில் ஓட்டை போட்டு, அதன் மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். குடலில் புற்று. திறந்து பார்த்தபோது ஈரலுக்கும் போயிருந்தது. இனி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, அடைத்துக்கொண்டு கஷ்டப்படாமல் இருக்க வழியை மட்டும் மாற்றி விட்டிருக்கிறோம் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடமும் மகனிடமும் சொன்னார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததால் அவருக்குத் தெரியாது என்று நினைக்க நான் குழந்தை இல்லை.

தாராவியில் நாற்பது வருஷம் வாட்ச் பெல்ட் பட்டறை நடத்தியவர் அவர். கீழே ஒரே அறை, அதுதான் வீடு. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பட்டறை. தோலும் அதை ஒட்டுகிற சொல்யூஷனும் மணக்கிற அந்த வீட்டிலிருந்து ஐந்து வேளையும் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். முதல் வரிசையில் இமாமுக்கு நேர் பின்னால் அவர் இடம். மோதினார் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்வதும் அவர்தான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள், "இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் சத்தம்லா கேட்டுச்சு" என்பார்கள். "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வருவேன். பெருமை எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் தண்ணீர் கேட்டார். பள்ளிக்கு நடக்க முடியாது, வீட்டிலேயே தொழுதுகொள்வதாகச் சொன்னார். வாளியும் சொம்பும் கொண்டு வைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடி கை, வாய், மூக்கு, முகம் என்று முறையாகக் கழுவி, கால் வரைக்கும் ஒளு செய்து முடித்தார். சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். நின்றதும் பைக்குள் சத்தம் கேட்டது. காற்றும் மலமும் சேர்ந்து இறங்குகிற சத்தம். எங்கள் சட்டப்படி அது வெளியானால் ஒளு முறிந்துவிடும். மறுபடி உட்கார்ந்து கழுவினார். மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே வந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன செய்ய ஏளா?"

மார்க்க விஷயத்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியாது, பள்ளிவாசல் இமாமான அஸரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்ற சொல் என் வாயில் லேசில் வராது. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் படித்தேன். தமிழ் எழுத்து கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் தொழக் கூடாத நாள் எது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குத் தெரிந்த அந்த ஒரு சட்டத்தை எடுத்து அவருக்கு வைத்தேன்.

"சுத்தம் நிக்காதவுகளுக்குத் தொழுகை கிடையாது. எங்களுக்கு மாசாமாசம் இல்லையா, அது மாதிரிதான். அல்லா உங்களுக்கு லீவு குடுத்திருக்கான்னு நினைச்சுக்கிடுங்க."

"உங்களுக்கு ஏழெட்டு நாளு. எனக்கு எத்தனை நாளு?"

"இந்தப் பையை எடுக்கிற வரைக்கும்" என்றேன். பையை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவர் கால்களை மேலே தூக்கி வைத்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவினேன். பெரிய பாரத்தை இறக்கிவைத்துக் கொடுத்தது போல் எனக்கு இருந்தது.

அவராவது அஸரத்தைக் கேட்டிருக்கலாம். கேட்கப் போனால் எந்த வழியாக எது வருகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். பாங்கு சொன்ன வாயால் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். எனக்கோ வேறு விதமான கூச்சம். சந்தில் எல்லாரிடமும் அல்சர் ஆப்ரேஷன் என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் வீட்டைப் பார்த்து ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாது. பையில் சேருவதை மூடி போட்ட பெயிண்ட் வாளியில் ஊற்றி, துப்பட்டிக்குள் மறைத்து, ஆள் நடமாட்டம் தொடங்குமுன் பொதுக் கக்கூசுக்குக் கொண்டு போவேன். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி பல் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மைனி, வெள்ளனவே வாளியும் கையுமா?"

"மாஹிம் கடல்ல தண்ணி குறைஞ்சு போச்சாம். ஊத்திட்டு வரப் போறேன்."

"போயிட்டு வாங்க. மிச்சம் இருந்தா எங்க டிரம்முலயும் ஊத்துங்க" என்று நுரையோடு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மாதங்கள் போயின. வலிக்கு மாத்திரை இருந்தது. காலையில் கொஞ்சம் இடியாப்பம், ராத்திரி கஞ்சி என்று ஏதோ இறங்கியது. அம்பர்நாத்தில் பேக்டரி வேலையில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து, "வாப்பா ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிட்டுப் போவான். எனக்குத்தான் தெரியும். பாங்கு சொல்லத் தொடங்கினால் ஃபேனைக் கூட்டச் சொல்வார். எங்கள் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் கடகடவென்று அடிக்கும், வேறு எதுவும் காதில் விழாது. ஐந்து வேளையும் அதே கதை. பள்ளிவாசல் ஆட்கள் பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். "இப்பத்தான் கண்ணசந்தாக" என்று நானும் வாசலோடு அனுப்பிவிடுவேன். அவர் தூங்கவில்லை என்று வந்தவர்களுக்குத் தெரியும். அவர்களும் தெரியாதது போல் திரும்பிப் போவார்கள்.

வாரம் ஒருமுறை செம்பூரிலிருந்து ஒரு நர்ஸ் வருவாள். குணமாகாத நோயாளிகளை வீட்டில் வந்து பார்க்கிறவர்கள் அனுப்புகிற பெண். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. ஓட்டையைச் சுற்றித் தோல் புண்ணாகாமல் பையை எப்படி வெட்டி ஒட்டுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கையில் ஒரு ஃபார்ம் வைத்திருப்பாள். வலி எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, வாந்தி உண்டா என்று கேட்டு டிக் போடுவாள். மழை தொடங்கிய ஒரு நாள் ஃபார்மின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"ஐயா, மனசுக்குத் தெம்பா இருக்கிறது எதுன்னு ஒரு கேள்வி இருக்கு. சாமி, ஜெபம், குடும்பம், எதுன்னாலும் சொல்லலாம்."

அவர் மேலே பட்டறையின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோ. ஒண்ணுமில்லை."

"முன்னாடி இருந்துச்சா?"

"முன்னாடி நான் மனுசன்."

அவள் பேனாவை மூடினாள். நான் குறுக்கே விழுந்து, "அவுக முதல் வரிசையில நிக்கிறவுக. இப்ப பை இருக்கிறதால லீவு" என்றேன்.

"லீவா? யார் குடுத்தது?"

"எங்க மார்க்கத்துல அப்படி."

"எனக்கு உங்க சட்டம் தெரியாதுமா. ஆனா சீத்தா கேம்ப்ல ஒரு பாய் இருக்காரு, இதே பைதான். நான் போறப்ப தொழுதுக்கிட்டு இருப்பாரு. நான் வெளியில உக்காந்து காத்திருப்பேன். ஒருதடவை யாரையாவது கேட்டுப் பாருங்களேன்."

எனக்குச் சுரீரென்று வந்தது. சிலுவை போட்ட பெண் வந்து எனக்கு மார்க்கம் சொல்வதா? "அவுக எந்த ஊர்க்காரவுகளோ. நாங்க முறையா இருக்கிற குடும்பம்" என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

மூன்று நாள் தள்ளினேன். நாலாம் நாள் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு அஸரத்து வீட்டுக்குப் போனேன். மதரசா மாடியில் குடியிருந்தார்கள். அவர் மனைவி எங்கள் பக்கத்துப் பெண்தான், என் மகள் வயது. பெண்கள் ஏதாவது கேட்க வந்தால் அவளிடம் சொல்ல, அவள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கணவரிடம் கேட்டுச் சொல்வாள். பச்சை மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் எழுந்து, "வாங்க மாமி, மாமாவுக்கு அல்சர் எப்படி இருக்கு?" என்றாள்.

"அல்சர் இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மீதியெல்லாம் தானாக வந்துவிட்டது. ஓட்டை, பை, சத்தம், வாளி எல்லாம். அவள் உள்ளே போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஸரத்தே பேசினார்.

"ஒளு நிக்காத நோயாளிக்குத் தனிச் சட்டம் இருக்கு பெரியம்மா. தொழுகை நேரம் வந்ததும் பையைச் சுத்தம் பண்ணிட்டு, ஒருதடவை ஒளு செஞ்சுட்டு உடனே தொழணும். நடுவுல வந்தா வரட்டும், அதுக்கு மன்னிப்பு உண்டு. நிக்க முடியாட்டி உக்காந்து, உக்கார முடியாட்டி படுத்து, தலை அசைக்க முடியாட்டி கண்ணால. நினைவு இருக்கிற வரைக்கும் தொழுகை உண்டு."

அவரே மறுபடி கேட்டார்.

"பெரியப்பா எத்தனை நாளாத் தொழல?"

"அஞ்சு மாசம்."

"யாரு வேண்டாம்னு சொன்னது?" என்று அஸரத்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிளகாய்க் கை, எரிந்தது. பிடித்தபடி இருக்கட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்து ஈரத் துப்பட்டியோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் பிழை செய்தேன் என்று ஒருதடவையும் சொன்னதில்லை.

"நான் சொன்னது தப்பு. உங்களுக்குத் தொழுகை உண்டு. அஸரத்து சொல்லுதாரு."

அவர் முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு மாசம்லா ஏளா" என்றார். பிறகு, "மேக்குப் பக்கமா கட்டிலைத் திருப்பு" என்றார்.

இரும்புக் கட்டில். தனியாக அசைக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். பீரோவை நகர்த்தி, சிலிண்டரை வெளியே வைத்து, இருவருமாக இழுத்துத் திருப்பினோம். போகும்போது என் காதருகே வந்து, "மைனி, நாளையில இருந்து அந்த வாளியை நான் ஒருநாள் நீங்க ஒருநாள்" என்றாள்.

"எந்த வாளி?"

"கடல் தண்ணி வாளிதான். நம்ம சந்துல சுவரு என்ன கருங்கல்லா? ஆரம்பத்துலயே எல்லாருக்கும் தெரியும்."

ஐந்து மாதமாக நான் மறைத்து நடந்ததெல்லாம் வீண்தான்.

அன்று சாயங்காலத்துக்கு முந்தின அஸர் தொழுகையிலிருந்து அவர் தொழத் தொடங்கினார். உட்காரக்கூடத் தெம்பில்லாத நிலைக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தார். வலது பக்கமாகச் சாய்ந்து மேற்கே முகம் வைத்துப் படுத்து, குனிவதற்கும், நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதுக்கும் கண்ணை மூடித் திறப்பார். ஃபேனைக் கூட்டச் சொல்லவில்லை. முதல் நாள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, விட்டுப்போன ஐந்து மாதத் தொழுகையையும் தொழுது முடிக்க அவர் முடிவு செய்திருக்கிறார் என்று. ஒவ்வொரு வேளையும் அந்த வேளைத் தொழுகை முடிந்ததும் விட்டுப்போனதைத் தொழுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சு வாங்கும் வரைக்கும் போவார். முடிந்த வரைக்கும் செய்தால் போதும், மீதியை அல்லா மன்னிப்பான் என்று அஸரத்து வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். "மன்னிக்கிறது அவன் வேலை. தொழுகிறது என் வேலை" என்றார். அதோடு வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

"இதைப் போட்டா தலை கிறங்குது. எத்தனாவது ரக்அத்துன்னு தெரிய மாட்டேங்குது."

"அது மருந்து. ஹராம் இல்லை" என்றேன்.

"ஹராம்னு நான் சொன்னேனா? நினைவு இருந்தாத்தான் தொழுகைன்னு நீதான கேட்டுட்டு வந்த."

மாத்திரை இல்லாத வலியை அதுவரை நான் பார்த்ததில்லை. தலையணை உறையை வாயில் வைத்துக் கடிப்பார். ஓதிக்கொண்டே இருக்கும்போது நடுவில் குரல் நின்றுபோகும், நெற்றி நரம்பு புடைக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். வெள்ளிக்கிழமை வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டுகிற இடத்திலேயே நின்றாள். "ஐயா, இவ்வளவு வலியைப் பொறுக்கணும்னு அவசியமே இல்லை" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டார். நான்தான் தொழ வழி கேட்டு வந்தேன். அந்த வழியில்தான் இந்த வலி வந்தது. முன்னால் அவர் செத்தவர் போல் படுத்திருந்தார், ஆனால் நோகவில்லை. இப்போது உயிரோடு இருந்தார். எது தேவலாம் என்று என்னைக் கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

அந்த நாட்களில்தான் ஒருநாள், "நீயும் பின்னாடி நில்லு. ஜமாஅத்தாத் தொழுவோம், நன்மை கூட" என்றார். வாழ்நாள் முழுக்க அவர் பள்ளிவாசலிலும் நான் அடுப்படியிலும் தொழுதவர்கள். அவர் பின்னால் நான் நின்றதே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், காஸ் அடுப்பை ஒட்டி தொழுகிற முஸல்லாப் பாயை விரித்தேன். முன்னால் இருப்பவர் குனிந்தால் பின்னால் இருப்பவர் குனிய வேண்டும். இவர் குனிவது கண்ணால். எனக்கு முகம் தெரியாது. அதனால் ஒவ்வொரு அசைவுக்கும் அவர் அல்லாஹு அக்பர் என்று சொல்கிற தக்பீரைக் கேட்டுத்தான் நான் குனிந்தேன், நிமிர்ந்தேன். ஒருகாலத்தில் சந்து முழுவதும் கேட்ட குரல், மூன்றடி தூரத்தில் நிற்கிற எனக்குக் காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்டது.

அடுத்த நாள் மத்தியானம் வலி அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கஞ்சி மட்டும் போதும் என்றார். நான் மாத்திரையை எடுத்துக் கரண்டியால் நசுக்கிக் கஞ்சியில் கலந்தேன். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்யவில்லை.

இரண்டாவது வாயில் நிறுத்தினார். "கசக்குதே."

"வெந்தயம் கூடிப்போச்சு."

"வயசாயிட்டு உனக்கு" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தார்.

அஸருக்கு நாங்கள் நின்றோம். முதல் ரக்அத் சரியாகப் போனது. இரண்டாவதில் சுஜூதுக்குத் தக்பீர் சொன்னார், நான் நெற்றியைத் தரையில் வைத்தேன். எழுவதற்குத் தக்பீர் வரவில்லை. காத்திருந்தேன். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். தக்பீர் வரவில்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். நான் கொடுத்ததால் போய்விட்டார் என்று நினைத்தேன். தலையைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. தூக்கினால் பார்க்க வேண்டும். என் முழங்கால் மரத்துப்போனது. பிறகு குறட்டை கேட்டது. பழைய நாட்களின் குறட்டை, பல மாதமாகக் கேட்காதது. நான் தனியாக எழுந்து மீதித் தொழுகையை முடித்துவிட்டு அவர் முகத்தைப் போய்ப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. நெற்றி இளகியிருந்தது.

சாயங்காலம் கண் விழித்ததும், "அஸர்?" என்று பதறினார்.

"முடிஞ்சுட்டு. நீங்கதான தொழ வச்சிய."

"முடிக்கிற சலாம் குடுத்தேனா?"

"ரெண்டு பக்கமும் குடுத்திய. எனக்குக் கேட்டுச்சு."

பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தார். "ஏளா, வலி இல்லை பாத்தியா. தொழுகையிலயே போயிட்டு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். பதினோரு நாளும் கலந்து கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு தொழுகையில் பாதியில் தூங்கிப்போவார், நான் முடிந்துவிட்டது என்று சொல்வேன். விட்டுப்போனவற்றில் எதெது தீர்ந்தது என்று கேட்டால் அதையும் நானே சொல்வேன். பார்க்க வந்த பள்ளிவாசல் ஆட்களைக் கிட்டே கூப்பிட்டு, "மருந்து ஒண்ணும் வேண்டாம்பா, தொழுகையில நின்னா வலி தெரிய மாட்டேங்குது" என்று சொன்னார். அவர்கள் சுபுஹானல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். நர்ஸிடமும் அதையே சொன்னார். அவள் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். குறைந்திருந்தது. என்னைப் பார்த்தாள். ஃபார்மின் கடைசிப் பக்கத்தில், முன்னால் ஒன்றுமில்லை என்று எழுதிய இடத்தில், தொழுகை என்று எழுதிக்கொண்டு போனாள்.

ஒரு மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால், ஒளு செய்து முடித்த ஈரக் கையோடு அவர் மவுத்தானார். குளிப்பாட்டும்போது பையை எடுத்தார்கள்.

கணவன் இறந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா நாட்களில் அஸரத்தின் மனைவி என்னைப் பார்க்க வந்தாள். மாமா எப்பேர்ப்பட்ட நல்ல முடிவோடு போயிருக்கிறார், ஊரே பேசுகிறது என்றாள். கேட்பதற்கு ஏதாவது இருந்தால் கேளுங்கள் மாமி, அஸரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவர் தொழாத தொழுகையைத் தொழுததாக நான் சொன்னது யார் கணக்கில் சேரும் என்று கேட்டிருக்கலாம். வலியை எடுத்தது மாத்திரைதான் என்று தெரியாமலே ஒரு மனுஷன் சந்தோஷமாகப் போனால் அது ஈமான் என்கிற நம்பிக்கையா, நான் செய்த ஏமாற்றா என்றும் கேட்டிருக்கலாம். ஒருதடவை கேட்காமல் இருந்து ஐந்து மாதத்தை அழித்தவள் நான். அதை நான் மறந்துவிடவில்லை.

"ஒண்ணும் இல்லைம்மா. டீ குடிச்சுட்டுப் போ" என்றேன்.